துணைக்கு ஒருவர்



யோவான் நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் எருசலேமின் பெத்சதா குளத்தைக் காண்கிறோம். 38 ஆண்டுகளாக உடல்நலமற்றிருந்த ஒருவர் அங்கே படுத்திருக்கிறார். நலம்பெற விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்கிறார். தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார் அவர். குளம் இருந்தது, தண்ணீரும் இருந்தது. இல்லாமல் போனது தூக்கிவிட ஒரு மனிதர்.

நம் பகுதியிலும் இந்த நிலை உண்டு. கிளைப்பங்கு ஒன்றில் வீடு சந்திக்கச் சென்றபோது, பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு தாயைப் பார்த்தேன். நடக்க இயலாத 17 வயது மகன் கட்டிலில் இருந்தான். அவனுக்கு அடையாள அட்டைகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். “சின்னப் பையனா இருந்தப்போ தூக்கிட்டுப் போயிருக்கலாமுங்க சாமி, அப்பத் தெரியலை. இப்பத் தெரியுது, தூக்கத் தெம்பில்லீங்க” என்றார். அந்தத் தாய் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மகனுக்கு என்ன உண்டு என்று அறிந்துகொள்வோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்பு உண்டென்று மருத்துவர்கள் சான்றளித்தால் பெரும்பாலான உதவிகளுக்கு வழி திறக்கும். தேசிய அடையாள அட்டைக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் ஆகியவற்றுக்குப் பல்லடம் சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் தடை எங்கே? தாராபுரத்திலிருந்து திருப்பூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஊருக்குள்ளிருந்து பேருந்து நிறுத்தம் வரவே ஒருவர் தூக்கிவர வேண்டும். ஒருமுறை போனால் முடிகிற வேலையும் அல்ல. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலி. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியோடு அவருக்குத் துணையாக வருபவருக்கும் கட்டணம் இல்லை. துணைக்கு ஒருவர் வேண்டும் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. அந்தத் துணையாள் யார் என்பதுதான் கேள்வி.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இதற்கு ஒரு பதில் உண்டு. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981இல் அங்கே அவர் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் கிராமங்களுக்குச் சென்று, வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்து, பெற்றோருக்கும் கற்றுத் தருகிறார்கள். வரமுடியாதவர்களிடம் சேவை சென்று சேருகிறது.

நம்மால் அத்தகைய நிறுவனத்தை நாளைக்கே கட்ட முடியாது. ஆனால் ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் வெளியே வராதவர் யார் என்று இந்த மாதமே கேட்டறியலாம். மதம் பார்க்க வேண்டாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். இளையோர் விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். ஓய்வுபெற்றவர்கள் ஒருநாள் அலுவலக வரிசையில் உடன் நிற்கலாம்.

இது தர்மம் அல்ல, அவர்களுடைய உரிமை. குளக்கரையில் கிடந்தவரை ஆண்டவர் தாமே தேடிச் சென்று நலமாக்கினார். அவரைப் பின்பற்றுகிற நாம், நம் பங்கில் ஒருவர்கூட ஆளில்லை என்று சொல்லாதபடி பார்த்துக்கொள்வோம். அந்தத் தாயின் மகனை அழைத்துச் செல்லும் முதல் நாள் நானும் உடன் போகிறேன். தூக்குவதற்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். திருப்பலி முடிந்ததும் பெயர் தாருங்கள். ஆமென்.