வளைகோலும் வாழ்வும்

தமிழில் ‘விளையாட்டு’ என்னும் சொல்லுக்கு வேடிக்கை என்ற பொருளும் உண்டு. ஆனால் விளையாட்டையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு அது வேடிக்கையன்று, பிழைப்பே அதுதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரையில் ஹாக்கி ஆடுவோருக்குக் கழகங்கள் ஒப்பந்தப்படி ஊதியம் அளிக்கின்றன. ஆட்டமே அவர்களுடைய உத்தியோகம். நம் நாட்டில் புல்தரையில் ஹாக்கி ஆடியவர்களின் நிலை வேறாக இருந்தது. அது எவ்வாறு என்பதைத் தன்ராஜ் பிள்ளையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

புனாவை அடுத்த கட்கியில், 1968 ஜூலை 16 அன்று, தமிழ்க் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையார் நாகலிங்கம் பிள்ளை, படைக்கலத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் பணியாளர். ஐந்து ஆண்மக்களுள் தன்ராஜ் நான்காமவர். வீட்டில் வறுமை நிலவியபோதிலும் தாயார் ஆண்டாளம்மாள் மைந்தரின் ஆட்டத்தைத் தடுத்தாரல்லர், ஊக்கமே அளித்தார். முறிந்த மட்டைகளையும் பிறர் கழித்த பந்துகளையும் கொண்டு, தொழிற்சாலைக் குடியிருப்பின் மண் தரையில் சகோதரர்கள் ஆடிப் பழகினர்.

1980களின் நடுவில், தமையனார் ரமேஷைப் பின்தொடர்ந்து தன்ராஜ் பம்பாய்க்கு வந்தார். ரமேஷ் அப்போது, செம்பூர்வாசிகள் நன்கறிந்த ராஷ்ட்ரீய உர நிறுவனத்தின் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். தன்ராஜுக்கு மஹிந்திரா நிறுவன அணியில் இடம் கிடைத்தது. பின்னர் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். இங்கேதான் நம் நாட்டு முறையைக் காண்கிறோம். நிறுவனம் ஆட்டக்காரரை வேலைக்கு அமர்த்துகிறது. அவர் அதன் அணிக்காகப் போட்டிகளில் ஆடுகிறார். நாட்டின் அணிக்கு அழைப்பு வரும்போது விடுப்புப் பெற்றுச் செல்கிறார். குடும்பத்தைக் காப்பது அந்த வேலையே. நாட்டுக்காக ஆடுவது பெரும் கௌரவம்; ஆயினும் அது நிலையான சம்பளம் தரும் உத்தியோகமாக இருக்கவில்லை.

1989ஆம் ஆண்டு தொடங்கி 2004 வரை அவர் இந்தியாவுக்காக ஆடினார். ஒலிம்பிக், உலகக் கோப்பை, ஆசிய விளையாட்டு ஆகிய மூன்றிலும் நந்நான்கு முறை பங்குகொண்டார். 1998இல் பாங்காக்கில் அவர் தலைமையேற்ற அணி, இறுதியாட்டத்தில் தென்கொரியாவை வென்று தங்கம் பெற்றது. 1966க்குப் பின், 32 ஆண்டுகள் கழித்துக் கிட்டிய தங்கம் அது!

அவ்வெற்றிக்குப் பின் நிகழ்ந்தது சிந்திக்கத் தக்கது. ஆட்டக்காரர்களுக்கு அளிக்கப்படும் பணம் போதாது என அவர் வெளிப்படையாகக் குறைகூறினார். அடுத்துப் பாகிஸ்தானுடன் நடந்த ஆட்டங்களுக்கு அவரும் மூத்த வீரர் சிலரும் சேர்க்கப்படவில்லை. ஓய்வு அளித்ததாகச் சங்கம் கூறிற்று; பேசியதற்குத் தண்டனை என்றே பலரும் கருதினர். ஆயினும் அவர் மீண்டும் அணிக்குத் திரும்பினார். 1999-2000ஆம் ஆண்டுக்குரிய கேல் ரத்னா விருது அவருக்கு வழங்கப்பெற்றது. 2003இல் கோலாலம்பூரில் ஆசியக் கோப்பையையும் அவர் தலைமையில் இந்தியா வென்றது.

இடையே லண்டன், பிரான்சின் லியோன், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், மலேசியா, டாக்கா ஆகிய இடங்களின் கழகங்களுக்கும் அவர் ஆடியதுண்டு. உள்நாட்டில் சம்பள வேலை, வெளிநாட்டில் பருவகால ஒப்பந்தம், இவற்றிற்கிடையே நாட்டின் அழைப்பு என மூன்று இழைகளால் நெய்யப்பட்டது அவர் வாழ்வு.

தாராவியிலோ மாதுங்காவிலோ மட்டையுடன் மைதானத்திற்கு ஓடும் சிறுவனை ‘விளையாட்டுப் புத்தி’ என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் பலர். அவர்களின் கவலை நியாயமானதே. எந்த நிறுவனம் வேலை தரும், எத்தனை ஆண்டு ஆட இயலும், ஆட்டம் ஓய்ந்தபின் வேலை நிலைக்குமா என்பனவற்றை அவர்கள் விசாரித்தறிய வேண்டும். ஆனால் விடை தெரியுமுன்னே மட்டையைப் பிடுங்கி வைப்பது முறையாகாது. ஆண்டாளம்மாள் அவ்வாறு செய்யவில்லை.