ஒரு வளையில் இருவர்

வெப்பவலயக் கடல்களில், முருகைக்கற் பார்களுக்கு அண்மையில், நீருக்குள் தலையை அமிழ்த்துவோர் செவியிலே காய்ந்த முட்செடி தீப்பற்றி எரிவது போன்ற படபடப்பொலி இடையறாது கேட்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களை ஒலியினால் அறிய முயன்ற அமெரிக்கக் கடற்படையினருக்கு இவ்வோசை பெருந்தொல்லையாயிற்று. அது யாதென ஆராய்ந்த அறிஞர்கள், விரல் நீளமே கொண்ட சிறிய இறால்கள் தம் கொடுக்கை மூடுவதனால் எழும் ஒலியே அது எனக் கண்டனர். அவர்களது ஆய்வுரை 1947இல் வெளியாயிற்று. துப்பாக்கி இறால் என்று வழங்கப்படுவது இவ்வுயிரே.

இதன் இரு கொடுக்குகளும் ஒத்தவையல்ல. ஒன்று மெலிந்தது, மற்றது உடலுக்குப் பொருந்தாத பெருமை உடையது. பெரிய கொடுக்கு விசையுடன் மூடும்போது நீர்த்தாரை ஒன்று செக்கனுக்கு ஏறக்குறைய 25 மீற்றர் வேகத்தில் பாய்கிறது. அதன் வழியே ஒரு குமிழி தோன்றி அக்கணமே உடைகிறது. கொடுக்கின் இரு பகுதிகளும் மோதுவதனாலேயே ஒலி பிறக்கிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. குமிழி உடைவதே ஒலிக்குக் காரணம் என்பதை நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலே மெய்ப்பித்தனர். குமிழி உடையும் நொடியில் கண்ணுக்குப் புலனாகாத ஒளிப்பொறி ஒன்றும் தோன்றுவதை மறு ஆண்டில் அவர்களே கண்டனர். இவ்வதிர்ச்சியினால் சிறு நண்டும் சிறு இறாலும் மயங்கி வீழ்ந்து இரையாகின்றன. பெருங்கொடுக்கு ஒடிந்துபோனால், அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது எஞ்சிய மெலிந்த கொடுக்கே பெருங்கொடுக்காக வளர்ந்துவிடும். இழந்த பக்கத்தில் மெலிந்த கொடுக்கொன்று முளைக்கும்.

இத்தகைய படைக்கலம் தாங்கிய உயிரை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வைப்பதா என்று அஞ்சுவோர் உளர். கண்ணாடியை உடைக்கவல்லது என்று பேசப்படுவது வேறோர் இனம். கும்பிடுபூச்சியைப் போல் முன்கால்களை மடக்கி வைத்திருக்கும் இறாலினம் அது. துப்பாக்கி இறாலினால் தொட்டிக்குத் தீங்கில்லை. நள்ளிரவிலே ‘டக்’கென்ற ஒலி கேட்டு, கண்ணாடி வெடித்ததென எண்ணி வீட்டார் எழுந்தோடுவது மட்டும் உண்டு.

எனினும் இவ்விறாலை வளர்ப்போர் அதன் ஒலிக்காக வளர்ப்பதில்லை. அதன் நட்புக்காகவே வளர்க்கின்றனர். மணலில் வளை தோண்டி வாழும் துப்பாக்கி இறால்கள் சில, உளுவை இனத்துச் சிறு மீன்களோடு ஒரே வளையில் குடியிருக்கின்றன. செங்கடலில் தாம் கண்ட இவ்வொன்றிய வாழ்வினை லூதர் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் 1958இல் விரித்தெழுதினார். இவ்வாறு இறாலோடு கூடி வாழும் உளுவை வகைகள் நூற்றுக்கு மேற்பட்டவை என்பது இன்று தெரிந்துள்ளது.

இறாலுக்குக் கண்பார்வை மங்கல், தோண்டுவதில் வல்லது. உளுவைக்குக் கூரிய பார்வை உண்டு. தனக்கென வளை அமைக்கும் ஆற்றல் குறைவு. ஆகவே இறால் பகலெல்லாம் மணலைச் சுமந்து வெளியே கொட்டுகிறது. உளுவை வாயிலில் அமர்ந்து காவல் புரிகிறது. வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் நீண்ட உணர்கொம்புகளில் ஒன்றை மீனின் உடல்மீது வைத்தபடியே வேலை செய்யும். ஐயத்துக்கிடமான உருவொன்றைக் கண்டால் மீன் தன் வாலைச் சிறிது நடுக்கும். அந்நடுக்கம் உணர்கொம்பின் வழியே எட்டியதும் இறால் உள்ளே பின்வாங்கும். ஆபத்து நெருங்கிவிட்டால் மீனே தலைகுப்புற வளைக்குள் பாயும். காவலன் வாயிலில் இல்லாத வேளையில் இறால் வெளியே தலைகாட்டத் துணிவதில்லை. கண் இல்லாதவனும் கை இல்லாதவனும் கூடி நடத்தும் குடித்தனம் எனலாம்.

தொட்டியிலே பகையில்லை, ஆயினும் இப்பழக்கம் சற்றும் தளர்வதில்லை. வளர்ப்போர் உணர வேண்டியது இதுவே. தனி இறாலை வாங்கி விடுபவர், அதன் பின் அதனைக் காண்பது அரிது. தொட்டி வைப்போர் செய்ய வேண்டுவன யாவும் அந்த உணர்கொம்பின் தொடர்பையும் அவ்வளையின் கூரையையும் காப்பதிலேயே அடங்குகின்றன.

எல்லா உளுவையும் எல்லா இறாலோடும் சேர்வதில்லை. தொடங்குவோர்க்கு ஏற்றது, அல்பீயஸ் பெல்லுலஸ் என்னும் வரியிறாலும், மேற்குப் பசிபிக் கடலைச் சேர்ந்த மஞ்சட் காவல் உளுவையும் சேர்ந்த சோடி. வரியிறால் பல வகை உளுவைகளை ஏற்கும் இயல்பினது. உளுவை பத்துச் சென்ரிமீற்றர் வரை வளரும். இறால் அதிற் பாதிக்கும் குறைவு. இச்சோடிக்கு எண்பது முதல் நூறு இலீற்றர் கொள்ளும் தொட்டி போதுமானது. ஒரே இனத்து உளுவைகள் இரண்டினை, அவை சோடியென்பது உறுதியாகாமல், ஒரு தொட்டியில் விடலாகாது. ஒன்றையொன்று துரத்திக் கொன்றுவிடும்.

மணலும் கல்லும் இத்தொட்டியின் உயிர்நிலை. மணல் ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் ஆழம் இருத்தல் நன்று. மென்மணல் மட்டும் இட்டால் வளை சரிந்துகொண்டே இருக்கும். முருகைக்கல் நொறுங்கல்களும் சிப்பி ஓட்டுத் துண்டுகளும் கலந்திருந்தால், இறால் அவற்றைப் பொறுக்கிச் சுவருக்கும் கூரைக்கும் அடுக்கிக்கொள்ளும். தேர்ந்த கொத்தனைப் போல் ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்து வைப்பதைக் காண்பதே தனி இன்பம். பெருங்கற்களை மணலின் மேல் வைப்பது கொடிய தவறு. இறால் அவற்றின் அடியையே தோண்டும். ஓரிரவில் கல் சாய்ந்து இரண்டையும் நசுக்கிவிடும். முதலில் கற்களைத் தொட்டியின் அடிக்கண்ணாடிமேல் அசையாது நிறுத்தி, அதன் பின்னரே மணலைச் சுற்றிலும் கொட்ட வேண்டும். மணலில் வைத்த சிறு பவளங்களை இறால் புதைத்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

நீரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. மற்றைய கடல்மீன்களுக்கு உரியதே இவற்றுக்கும் உரியது. வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியஸ். உப்பின் அளவு ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு. ஆவியாவது நீரே, உப்பு அன்று. ஆதலால் குறைந்த அளவை நன்னீரால் நிரப்புக. அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியிற் பெருகப் பல வாரங்கள் செல்லும். அதற்கு முன் உயிர்களை விடுவது அவற்றைக் கொல்வதற்கு ஒப்பாகும். மீனின் நோய்க்கெனக் கடைகளில் விற்கும் செப்பு கலந்த மருந்து மீனைக் காப்பினும் இறாலைக் கொல்லும். நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே மருந்திட வேண்டும்.

இறாலைப் புதுநீருக்குச் சிறிது சிறிதாகப் பழக்கி, கல்லொன்றின் அடியில், மீனையும் அருகிலேயே விடுக. சில சோடிகள் அன்றே கூடிவிடும். சில பல நாட்கள் எடுக்கும். இறால் வளைக்குள் மறைந்து இரண்டு வாரமாகக் காணாதபோதுதான் வளர்ப்போரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. இறந்துவிட்டதோ என்று கல்லைப் புரட்டிப் பார்ப்பவர், பல வேளைகளில் உயிரோடிருந்த இறாலைத் தாமே கொன்றவராவர். சில நாட்களில் வாயிலருகே வெறும் ஓடொன்று கிடக்கக்கூடும். அது பிணமன்று, இறால் வளர்வதற்காகக் கழற்றிய சட்டையே. புதிய ஓடு இறுகும் வரை அது வெளிவராது. உளுவை ஒரே துளையின் வாயிலை விட்டு அகலாதிருக்குமாயின், உள்ளே இறால் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

தொட்டிக்கு மூடி இன்றியமையாதது. உளுவை அச்சமுற்றால் துள்ளும் மீன். விளக்கைத் திடீரென ஏற்றினாலும் அணைத்தாலும் துள்ளக்கூடும். காலையிலே தரையில் காய்ந்து கிடக்கும் மீனைக் கண்டு வருந்துவோர், உள்ளேயிருக்கும் இறாலை மறந்துவிடுகின்றனர். காவலனை இழந்த இறால் வாயிலுக்கும் வாராது வளைக்குள்ளேயே அடைந்துகிடக்கும். அதற்கு வேறோர் உளுவையைத் தேடிக் கொடுத்தல் வேண்டும். வரியிறால் பெரும்பாலும் புதியவனை ஏற்றுக்கொள்ளும். மெல்லிய வலை கட்டிய சட்டம் ஒன்று இவ்வளவையும் தவிர்க்கும். பெருமீன்களை, சிறப்பாக இறாலுண்ணும் கிளாத்தி, சிங்கமீன் போன்றவற்றை, இத்தொட்டியில் விடலாகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

உணவு எளிது. உறைய வைத்த சிற்றிறால்களை நாளொன்றுக்கு ஒரு முறையோ இரு முறையோ இட்டால் உளுவை வாயிலை விட்டு நெடுந்தூரம் செல்லாமலே கவ்விக்கொள்ளும். இறாலுக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்பது நீண்டநாள் வினாவாக இருந்தது. உளுவை வளைக்குள்ளே இடும் எச்சமே இறாலுக்கு இன்றியமையாத உணவாக அமைகிறது என ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017இல் எடுத்துக்காட்டினர். ஆகவே மீனைப் பட்டினியிடுபவர் இறாலையும் பட்டினியிடுகிறார். தொட்டி மிகவும் துப்புரவாக இருப்பின், மாலையில் விளக்கணைக்குமுன் மூழ்கும் உணவுருண்டை ஒன்றை வளைவாயிலில் இடுக. உளுவை அதனைத் தின்னாது விட்டால், உணர்கொம்பு ஒன்று வெளியே நீண்டு, மீனைத் தொட்டுப் பார்த்து, அதன் பின் அவ்வுருண்டையை உள்ளே இழுத்துச் செல்வதைக் காணலாம்.