நீருக்கடியில் இருக்கிறது படகின் தரம்

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடியும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி 1990இல் தோன்றியதிலிருந்து, பங்கோர் அமைந்துள்ள பேராக் கடற்கரைக்குப் பாய்மரப் படகுகள் பழகிய காட்சியாகிவிட்டன. போட்டிப் படகு வேகத்துக்காக எடை குறைக்கப்பட்டது. நெடும்பயணப் படகோ குடிநீர், உணவு, எரிபொருள், படுக்கை என ஒரு குடும்பத்துக்குரிய அனைத்தையும் சுமந்தபடி, விடியலுக்கு முன் திடீரென வீசும் சுமத்ராச் சூறைக்காற்றையும் தாங்கியாக வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடி இழையால் ஆனவை. கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து நெய்த துணியை அச்சுக்குள் அடுக்கடுக்காக விரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் பிசினை ஊறவிட்டு உடலை உருவாக்குகின்றனர். தோட்டத்து ரப்பர் பால் அமிலம் பட்டதும் உறைவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வினையூக்கி கலந்த பிசின் இறுகிக் கெட்டியாவது வியப்பளிக்காது.

இழை அடுக்குகளுக்கு நடுவே மரத்தை வைத்தால், எடை அதிகம் கூடாமலே உடல் விறைப்பேறுகிறது. கோவாவில் கட்டப்பட்டு 2017இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த 56 அடி நீளமுள்ள 'தாரிணி' இவ்வகையைச் சேர்ந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபரில் அதில் புறப்பட்டு, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைக் கடந்து, உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினர்; தமிழ் வாசகர் பெருமையோடு நினைக்க வேண்டிய பயணம் அது. இத்தகைய கடல்களில் படகு சாய்ந்தாலும் நிமிரக் காரணம், 'கீல்' எனப்படும், அடியில் தொங்கும் கனத்த உலோகப் பகுதி.

கண்ணாடி இழை துருப்பிடிப்பதில்லை, மரம்போல் உளுத்தும் போவதில்லை. எனினும் அதற்கும் ஒரு நோய் உண்டு. 'ஜெல்கோட்' என்னும் மேற்பூச்சின் வழியே மெல்லக் கசியும் நீர், உள்ளே முழுமையாக இறுகாமல் எஞ்சிய வேதிப்பொருள்களோடு கலந்து கொப்புளமாகப் புடைக்கிறது. அதைக் குத்தினால் காடியின் புளித்த வாடையுடன் திரவம் பீறிடும். வெதுவெதுப்பான நீரில் இது விரைவதால் மலாக்கா நீரிணையில் கூடுதல் கவனம் தேவை. பாதிக்கப்பட்ட பூச்சைச் சுரண்டி, படகை மாதக்கணக்கில் கரையில் உலரவிட்டு, எப்பாக்ஸி பிசின் பூச வேண்டும். ஈரக்காற்று நிறைந்த மலேசியாவில் உலர்த்துவதே கடினமான பகுதி. ஆகவே பழைய படகை வாங்குபவர் அறையின் மெத்தையைப் பார்த்து மயங்காமல், முதலில் படகைக் கரையேற்றி, அடிப்பகுதியைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதே முறை: உறுதியான இடம் கணீரென ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும்.