தேனீ கொட்டினால் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்!

கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 36. பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. எங்கள் பக்கம் தேனீ வளர்ப்பு புதிதல்ல. 1920களிலேயே ஒய்.எம்.சி.ஏ.,காரர்கள் மார்த்தாண்டத்தில் சொல்லிக் கொடுத்த தொழில். மாசி, பங்குனியில் ரப்பர் மரம் துளிர்க்கும்போது, அந்த இளந்தளிர்க் காம்பில் ஊறும் இனிப்பு நீர்தான் எங்கள் ஊர்த் தேன். பூவில் இருந்து வருவதில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள்!

நானும் மகளிர் குழு மூலம் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், 2021ல் நான்கு பெட்டி வைத்தேன். ராணித் தேனீ, சட்டம், தேன் பிழியும் மிஷின் என்று எல்லாம் சொல்லித் தந்தார்கள். கொட்டுவதைப் பற்றிக் கேட்டால் மட்டும், 'கொட்டும், பழகிடும்மா' என்று சிரித்து விட்டார்கள். அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதல் வாரமே புருவத்தில் ஒன்று கொட்டியது. மறுநாள் கண் திறக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒரு அக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்து, 'வீட்டுக்காரர் கை வச்சாராக்கும்?' என்றாரே பார்க்கலாம்! பாவம் மனுஷன், இன்று வரை அதைச் சொல்லிப் புலம்புகிறார்.

கொட்டிய இடத்தில் வீக்கம் இரண்டாம் நாள்தான் அதிகமாகும். மூன்று, நான்கு நாளில் வற்றும். இது பயப்பட வேண்டிய வீக்கம் இல்லை. தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. அதனால் கொடுக்கும், விஷப் பையும் நம் தோலிலேயே தங்கி விடும். தேனீ போன பிறகும் அந்தப் பை விஷத்தை உள்ளே இறக்கிக் கொண்டே இருக்கும். கிள்ளக் கூடாது, கத்தியால் சுரண்டணும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதை எல்லாம் யோசித்து நிற்பதற்குள் விஷம் இறங்கி விடும். நகத்தாலோ, விரலாலோ உடனே எடுத்து விடுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் போதும். கையில் கொட்டினால் மோதிரம், வளையலை அப்போதே கழற்றி விட வேண்டும். வீங்கிய பின் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்கணும்.

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் ஒரு வாசனை எழும்பும். பழுத்த வாழைப்பழ வாசனை மாதிரி. 'எல்லாரும் வாங்க' என்று மற்ற தேனீக்களை அழைக்கிற வாசனை அது. அதனால்தான் ஒன்று கொட்டினால் அங்கேயே இரண்டாவதும் வந்து கொட்டுகிறது. கொட்டிய இடத்தில் கொஞ்சம் புகை காட்டினால் அந்த வாசனை அமுங்கும். நேந்திரம்பழம் தின்ற கையோடு பெட்டி பக்கம் போகாதீர்கள். தலையில் பூவும் வேண்டாம். கூந்தலுக்குள் தேனீ சிக்கினால் கொட்டாமல் விடாது. கொண்டை போட்டுத் துணி கட்டிய பிறகே வலைத் தொப்பி போட வேண்டும். மழை மூட்டத்தில் பெட்டி திறக்காமல், வெயில் ஏறிய பின் திறப்பது நல்லது. வாசலை மறைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

இதெல்லாம் வலி சமாச்சாரம். உயிர் சமாச்சாரம் வேறு.

2023 மே மாதம் நாத்தனார் லீவுக்கு வந்திருந்தாள். அவளுக்கு முன்பு இரண்டு தடவை கொட்டி, வெறும் வீக்கத்தோடு போயிருக்கிறது. அன்று துணி காயப் போட்டுக் கொண்டிருந்தவள் கழுத்தில் ஒன்றே ஒன்று கொட்டியது. பத்து நிமிஷம் இருக்காது, உள்ளங்கை அரிக்கிறது என்றாள். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். 'தொண்டை அடைக்குது மைனி' என்றபோது குரலே மாறி இருந்தது. மாமியார் சுண்ணாம்பு எடுக்க ஓடினார். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சரியான பிறகும் திரும்ப வரலாம் என்று ராத்திரி முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள்.

'முன்னாடி ஒண்ணும் ஆகலைன்னா இனியும் ஆகாதுன்னு நினைக்கக் கூடாது' என்றார் டாக்டர். தேனீ வளர்ப்பவருக்குப் பழகினாலும், வீட்டில் இருப்பவர்களுக்கு எப்போதாவது கொட்டிக் கொட்டியே ஒவ்வாமை வரலாமாம். மூச்சுத் திணறல், முகம், நாக்கு வீக்கம், தலைச்சுற்றல், வாந்தி, கொட்டாத இடத்தில் தடிப்பு... இதில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நிறைய தேனீக்கள் சேர்ந்து கொட்டினாலும் ஆஸ்பத்திரிதான்.

'பெட்டியை வித்துரு மக்களே, எம்புள்ள தாய் வீட்டுக்கு வரண்டாமா?' என்றார் மாமியார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால், அப்போது ஆறு பெட்டி ஆகியிருந்தது. என் மகளின் டியூஷன் பீஸ் அந்தத் தேனில்தான் போகிறது. நாலு நாள் வீட்டில் பேச்சே இல்லை. கடைசியில், இவரின் சித்தப்பா மகன் ரப்பர் தோட்டத்துக்குப் பெட்டிகளை மாற்றினோம். வீட்டில் இருந்து இரண்டு கிலோ மீட்டர். ராத்திரி வாசலை அடைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டு போனோம். பெட்டி பார்க்கும் சட்டையை அங்கேயே கழற்றி, தனியாகத் துவைத்துக் காயப் போட்டு விட்டுத்தான் வருகிறேன். துணியில் ஒட்டிய விஷத்தூள் கூட ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.

நாத்தனார் போன கிறிஸ்துமசுக்கு வந்து பத்து நாள் இருந்தாள். ஊருக்குப் போகும்போது இரண்டு பாட்டில் தேன் கேட்டு வாங்கிக் கொண்டாள்.

- ஒரு வாசகி, மார்த்தாண்டம்.