மலை ஏறும்போது மட்டும் எரியும் 'ஹேண்ட் பிரேக்' விளக்கு: பிக்கப் வேன் டிரைவர்களை குழப்பும் விநோத கோளாறு

போடி,

போடியில் இருந்து போடிமெட்டு வழியாக ஏலக்காய் தோட்டங்களுக்கு போய் வரும் பிக்கப் வேன்களில் அவ்வப்போது ஒரு விநோத கோளாறு தலைகாட்டுவது உண்டு. ஹேண்ட் பிரேக் லீவர் கீழே தான் கிடக்கும். ஆனால் டேஷ்போர்டில் ஹேண்ட் பிரேக்குக்கான சிவப்பு விளக்கு பளிச் என்று எரியும். வளைவை தாண்டியதும் தானாக அணைந்து விடும்.

போடி டவுனுக்குள் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் விளக்கு எரியவே எரியாது. ஒர்க் ஷாப்பில் கொண்டு போய் விட்டாலும், "ஒண்ணும் இல்லையே, நல்லா தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பி விடுவார்கள். மறுநாள் உர மூட்டையுடன் முந்தலை தாண்டி ஏறினால் பழைய கதை தான்.

ஒரே விளக்கு, 2 வேலை

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த கோளாறு பெரும்பாலும் ஹேண்ட் பிரேக்கில் இருப்பதே இல்லை. பெரும்பாலான வண்டிகளில் அந்த ஒரே சிவப்பு விளக்குக்கு 2 வேலை. லீவரை இழுத்தால் எரிய வேண்டும். பிரேக் ஆயில் குறைந்தாலும் எரிய வேண்டும்.

பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு சின்ன மிதவை இருக்கும். ஆயில் குறைந்து மிதவை கீழே இறங்கினால் விளக்கு எரியும். ஆயில் பாதியும் முழுதுமாக இல்லாமல், குறைந்தபட்ச கோட்டை ஒட்டி நிற்கும் போது தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. சமதளத்தில் மிதவை தப்பித்துக் கொள்ளும். வண்டி மேல்நோக்கி சாய்ந்தாலோ, வளைவில் திரும்பினாலோ ஆயில் டப்பாவின் ஒரு பக்கமாக ஒதுங்கும். மிதவை இறங்கி விளக்கு எரியும். டப்பாவின் அமைப்பை பொறுத்து சில வண்டிகளில் ஏறும்போது எரியும், சிலவற்றில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் எரியும்.

போடிமெட்டு பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். 4 ஆயிரம் அடிக்கும் மேலே ஏற வேண்டும். டவுனில் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும் ஆயில் குறைவை இந்த மலை அரை மணி நேரத்தில் காட்டிக் கொடுத்து விடுகிறது.

வயரை பிடுங்கலாமா?

விளக்கு தொல்லை தாங்காமல் சிலர் செய்யும் காரியம் தான் ஆபத்தானது. "லீவர் சுவிட்ச் போயிருச்சு, வயரை புடுங்கி விட்டுரு" என்று முடித்து விடுகிறார்கள். எந்த வயரை பிடுங்கினால் விளக்கு அணைகிறதோ அதோடு விட்டு விடுவார்கள். அது மிதவையின் வயராக இருந்தாலோ, பல்பையே கழற்றி விட்டாலோ, ஆயில் சுத்தமாக வடிந்தாலும் டிரைவருக்கு தெரியாது.

சுவிட்ச் கோளாறா, ஆயில் கோளாறா என்று பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விளக்கு எரியும் நேரத்தில் லீவரை கையால் கீழே அழுத்திப் பார்க்க வேண்டும். அணைந்தால் சுவிட்ச் தான். குழியில் குலுங்கும் போது மினுக் மினுக் என்று எரிந்தாலும் சந்தேகம் சுவிட்ச் மீது தான். லீவரை என்ன செய்தாலும் அசையாமல், சாய்வுக்கு மட்டும் எரிந்தால் சமதளத்தில் நிறுத்தி ஆயில் டப்பாவை பார்க்க வேண்டும்.

ஆயில் எங்கே போகிறது?

பார்த்ததும் ஆயிலை ஊற்றி விட்டு கிளம்பினால் விளக்கு அணைந்து விடும். கோளாறு அப்படியே இருக்கும். பிரேக் ஆயில் என்ஜின் ஆயில் போல எரிந்து குறைவது கிடையாது. குறைகிறது என்றால் காரணம் 2 தான். முன் சக்கர பிரேக் பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். இது மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். சில நாளிலேயே மளமளவென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

மலையில் ஓடும் வண்டிக்கு இந்த ஒழுக்கு பின் சக்கரத்தில் என்றால் ரெட்டை ஆபத்து. வீல் சிலிண்டர் ரப்பர் போய் டிரம்முக்குள் ஆயில் வடியும். பிரேக் சூ நனைந்து விடும். அநேக பிக்கப்களில் ஹேண்ட் பிரேக் கேபிள் இழுப்பதும் இதே சூவை தான். அதனால் விளக்கும் எரிகிறது, சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கும் வழுக்குகிறது என்று 2 புகாரும் சேர்ந்து வந்தால், கேபிளை முறுக்கி டைட் வைப்பது வீண் வேலை. பின் டயரின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்து விடும்.

அந்த ஈரம் தண்ணி மாதிரி லேசாக இருந்தால் பிரேக் ஆயில். கெட்டியாக, கருப்பாக, மூக்கை துளைக்கும் வாடையுடன் இருந்தால் ஆக்சில் சீல் போய் வரும் கியர் ஆயில். எதுவாக இருந்தாலும் நனைந்த சூவை துடைத்து மாட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பெட்ரோலில் கழுவி மாட்டுவது சிக்கனம் அல்ல.

மழை, பனி மூட்டம்

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட்-4 ரகத்துக்கு புதிதாக இருக்கும் போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் அது 155 டிகிரி வரை இறங்கக் கூடும். மேலே பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் மழையில் நனைந்து ஓடி, லோடுடன் கீழே இறங்கும்போது பிரேக்கை மிதித்துக் கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் 'பொசுக்' என்று உள்ளே போய் விடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். வழக்கமாக 2 ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். டப்பாவில் என்ஜின் ஆயிலை மட்டும் ஊற்றி விடக் கூடாது. ரப்பர் எல்லாம் ஊதிப் போகும்.

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன் சாவியை ஆன் செய்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்க்கலாம். விளக்கு எரியாவிட்டால் பல்போ, வயரோ போயிருக்கிறது. பிறகு லீவரை இறக்கி விட்டு, மூடியிலேயே மிதவை உள்ள வண்டி என்றால் ஆயில் டப்பா மூடியை திறந்து மேலே தூக்க வேண்டும். மிதவை தொங்கியதும் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் யாரோ ஏற்கனவே வயரை பிடுங்கி விட்டார்கள் என்று அர்த்தம்.