1,399 டாலர் எதுக்கு? க்விஸ் மேடையின் பந்தயக் கணக்கு

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப் போறேன். 1,399.

2019 ஜூன் 3. அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ க்விஸ் நிகழ்ச்சி. தொடர்ந்து 32 ஆட்டம் ஜெயிச்சு, 24 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்திருந்த ஜேம்ஸ் ஹோல்ட்ஸ்ஹவர், கடைசிக் கேள்விக்கு வெறும் 1,399 டாலர் கட்டினார். பதில் சரி. ஆனாலும் தோத்துட்டார். பல்லாயிரம் டாலரை அசால்ட்டா கட்டுற ஆளாச்சே! அதனால ‘வேணும்னே தோத்துட்டார்’னு நிறைய பேர் சொன்னாங்க. நான் அப்படி நினைக்கல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஆட்டத்தைப் புரிஞ்சுக்கலாம். நம்ம ஊரில் முன்பு வந்த ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யில் ஹாட் சீட்டில் ஒருத்தர்தான் இருப்பார், எதிராளி கிடையாது. ஜெப்பர்டியில் மூணு பேர், மூணு பேர் கையிலும் பஸ்ஸர். தொகுப்பாளர் கேள்வியைப் படிச்சு முடிச்ச பிறகுதான் பஸ்ஸர் வேலை செய்யும். அவசரப்பட்டு முன்னாடியே அமுக்கினா கால் விநாடிக்கு உங்க பஸ்ஸர் பூட்டிக்கும். சாம்பியன்கள் மோதும்போது அந்தக் கால் விநாடி போதும், பக்கத்தில் இருப்பவர் பதிலைச் சொல்லிடுவார்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பஸ்ஸர் இல்லை. தலைப்பை மட்டும் சொல்வாங்க. உங்க கையில் இருக்கிற தொகையில் எவ்வளவு கட்டுறீங்கன்னு, கேள்வியைப் பார்க்கும் முன்பே எழுதிடணும். பதில் சரின்னா அது கூடும், தப்புன்னா கழியும்.

அன்னிக்கு அந்தக் கட்டத்தில் நிலவரம் இதுதான். எம்மா பெட்சர் என்ற நூலகர் 26,600. ஜேம்ஸ் 23,400. மூணாவது போட்டியாளர் 11,000.

எம்மா பக்கம் இருந்து பாருங்க. ஜேம்ஸ் மொத்தத்தையும் கட்டி, பதிலும் சரின்னா 46,800 ஆகிடும். அதைவிட 1 டாலர் அதிகம் வரணும்னா எம்மா 20,201 கட்டணும். சரியா அதைத்தான் கட்டினார்.

ஜேம்ஸுக்கும் இது முன்கூட்டியே தெரியும். எம்மா சரியா சொல்லிட்டா, அவர் எவ்வளவு கட்டினாலும் தோல்விதான். ஆக, எம்மா தப்பா சொன்னா மட்டும்தான் அவருக்கு வழி. அப்போ எம்மா 6,399-க்கு இறங்கிடுவார். மிச்சம் இருக்கிற ஆபத்து மூணாவது ஆள். அவர் எல்லாத்தையும் கட்டி ஜெயிச்சா 22,000. ஜேம்ஸ் தன் பதில் தப்பானாலும் அதுக்கு மேல நிக்கணும். 23,400-இல் 1,399 போனா 22,001. ஒரே ஒரு டாலர் கூட!

அதாவது, ஜெயிக்க அவருக்கு மிச்சம் இருந்த ஒரே வழிக்குத்தான் அவர் பணம் கட்டினார். அன்னிக்கு மூணு பேருமே சரியான பதில் சொன்னாங்க. அந்த வழி அடைஞ்சுபோச்சு.

இப்போ இதே ஆட்டத்தை டோர்னமென்ட்டா மாத்துங்க. அதே வருஷம் நவம்பரில் ஒளிபரப்பான சாம்பியன்கள் டோர்னமென்ட்டில் 15 பேர், 5 காலிறுதி. ஜெயிச்ச 5 பேரோட, தோத்தவங்களில் அதிக ஸ்கோர் எடுத்த 4 பேரும் அரையிறுதிக்குப் போகலாம். இந்த ஒரு விதி பந்தயக் கணக்கையே மாத்திடுது. வழக்கமான ஆட்டத்தில் 1 டாலரில் தோத்தாலும் 20,000 டாலரில் தோத்தாலும் வீட்டுக்குத்தான். காலிறுதியில் தோத்தாலும் உங்க ஸ்கோருக்கு உயிர் இருக்கு. மொத்தத்தையும் கட்டி பூஜ்யத்துக்கு வந்தா அந்த இரண்டாவது வாய்ப்பும் போச்சு.

சரி, எவ்வளவு ஸ்கோர் இருந்தா தப்பிக்கலாம்? அது தெரியக் கூடாதுன்னுதான் அடுத்து ஆட வேண்டியவங்களை ஸ்டுடியோ பக்கமே விடல.

அரையிறுதியில் அந்தக் கருணை இல்லை. 3 ஆட்டம், ஜெயிச்ச 3 பேர் மட்டும் உள்ளே. இறுதிப் போட்டியிலோ இரண்டு நாள் ஸ்கோரையும் கூட்டினாங்க. முதல் நாள் சறுக்கினா அந்தப் பள்ளத்தோடதான் மறுநாள் தொடங்கணும். கையில் அதே தொகை, எதிரில் அதே தலைப்பு. ஆனா காலிறுதிக்கு ஒரு பந்தயம், அரையிறுதிக்கு ஒண்ணு, இறுதிக்கு இன்னொண்ணு.

அந்த இறுதிப் போட்டியில் ஜேம்ஸும் எம்மாவும் மறுபடி மோதினாங்க. இந்த முறை ஜேம்ஸ் ஜெயிச்சு 2,50,000 டாலரோட போனார்.

அடுத்த முறை காலேஜ் க்விஸ்ஸிலோ ஆபீஸ் க்விஸ்ஸிலோ பாயின்ட் கட்டச் சொன்னா, ‘எனக்கு இந்தத் தலைப்பு தெரியுமா?’ன்னு கேட்டுட்டு நிறுத்திடாதீங்க. மத்தவங்க ஸ்கோரையும் எழுதிக்கோங்க. அவங்க எவ்வளவு கட்டுவாங்க, நான் தப்பா சொன்னா யார் என்னைத் தாண்டுவாங்க, தோத்தா எனக்கு என்ன மிஞ்சும்? இந்த மூணுக்கும் விடை எழுதிட்டு அப்புறம் கட்டுங்க. பார்க்கிறவங்களுக்கு அந்தத் தொகை விசித்திரமா தெரியலாம். பரவாயில்லை.