‘நாம்’ பிறந்த கதை – 9: குளியாளிகள் கொடுத்த காசு

சென்ற வாரம் ஜெர்மானியரைப் பார்த்தோம். ரோமாபுரி வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98-இல் தங்களைப் பற்றி எழுதிய சிறு நூலில் அவர்கள் முன்னோரைக் கண்டுகொண்டார்கள்; லூத்தரின் பைபிளில் பொதுவான எழுத்துமொழியைக் கண்டார்கள். இந்த வாரம் தூத்துக்குடிக் கரையில் மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்த பரதவரின் சாதித்தலைவரைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு தொகை என்னைப் பிடித்துக்கொண்டது.

தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் நின்று பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். பர்னாந்து, மச்சாது, மோத்தா, ரொட்ரிகோ, வாஸ். பேச்சோ கடற்கரைத் தமிழ். சங்கு குளிக்கப் போகிறவர்களில் பரதவரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. முத்துக்குளிப்பு இந்தக் கடலில் 1961-ஓடு நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் குளியாளி கல்லில் கால் வைத்து இறங்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். தோணியில் இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலி அவர் கையில் அல்லவா இருக்கிறது!

1530-களில் முத்துக்குளிப்பு உரிமைக்காக இந்தக் கரையில் கடும் சண்டை. ஆதரவு தேடிப் பரதவர் தூதுக்குழு கொச்சிக்குப் போனது. குதிரை வணிகர் ஜோவான் தெ குரூஸ் போர்த்துக்கீசியரிடம் போகச் சொல்லி வழிகாட்டினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் கரை நெடுக ஏறத்தாழ இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தது 1542-இல்தான். போர்த்துக்கீசியப் பெயர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. பெயர் மாறியதால் மட்டும் ஒரு கூட்டம் மக்களினமாகிவிடாது. ஜெர்மானியருக்கு லூத்தரின் பைபிள்போல, தன் மொழியில் ஒரு புத்தகமும் வேண்டியிருந்தது.

அந்த இடத்தில்தான் என் தொகை வருகிறது: நானூறு குருசாது. போர்ச்சுகல் நாட்டுக் காசு. தமிழில் புத்தகம் அச்சிட இந்தக் கரையின் மக்கள் திரட்டிக் கொடுத்த பணம் அது. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே வாழ்ந்து, தமிழ் கற்று, இலக்கணமும் எழுதியவர். அவருடைய ஜெப நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் நம்மிடம் இருக்கும் நூல்களில் இதுவே மிகப் பழையது. 1586-இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. அது அறுநூறு பக்கத்தைத் தாண்டிய பெரும் நூல்.

இதை நினைக்க நினைக்க எனக்கு மனம் பொங்குகிறது. அரசனும் புலவனும் மடமும் செய்யாத வேலைக்கு மூச்சடக்கிப் பிழைத்தவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். ‘தம்பிரான் வணக்கம்’ வந்தபோது, தமிழ் அச்சுக்குப் பெயர்பெற்ற சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் தரங்கம்பாடியில் இறங்க இன்னும் 128 ஆண்டுகள் இருந்தன. மதம் கடல் கடந்து வந்தது, பெயரும் வந்தது. ஜெபம் மட்டும் தமிழில் இருக்க வேண்டும் என்பதற்கு இவர்கள் கைக்காசு போட்டார்கள். ‘நாம்’ என்ற சொல் இந்தக் கரையில் அங்கேதான் உறுதிப்பட்டது என்பது என் முடிவு.

அதற்குச் சோதனையும் வந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். ஆள்பவர்கள் சீர்திருத்த சபையினர். பரதவரோ கத்தோலிக்கத்தை விடவில்லை. மதம் மாறியது வெறும் பாதுகாப்புக்காக என்றால், பாதுகாப்புக் கொடுத்தவன் ஓடிய பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருக்க என்ன அவசியம்?

சாதித்தலைவரும் அவர் காலத்தில் 1806-இல் ஓடிய பனிமய மாதா தங்கத்தேரும் அடுத்த வாரம். அதுவரை கடற்கரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய ஜெபப் புத்தகமோ தோணிக் கணக்கோ வீட்டுப் பெட்டியில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். எழுதித் தெரிவியுங்கள்.